இத்தாலியில் யார் கார் ஓட்டுவது

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே காத்து. மாடியில் காயப்போட்ட மல்லி பாதி அடுத்த வீட்டு மாடியில். அள்ளுவதற்குள் சாரல்.

பாக்கி வேலை:
ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்ற
இவர் பி.பி. மாத்திரை, டாக்டர் சீட்டோடு
பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல்
சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயில், எள் விளக்கு
கார்???

அந்தக் கடைசி வரிதான் பிரச்சினை. மகள் நிவேதா (இனி நி.) இத்தாலியின் பொலோனியாவில் படிப்பு முடிக்கிறாள். பட்டம் வாங்குவதைப் பார்த்துவிட்டு, மூணு பேருமாக ஃப்ளாரன்ஸ், ரோம். அவள் ட்ரெயின் என்கிறாள். இவர், வாடகைக் கார் எடுத்துத் தானே ஓட்டுவேன் என்கிறார்.

இவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் பண்ணணும் என்று டாக்டர் சொல்லி எவ்வளவோ நாளாச்சு. ஏலக்காய்க் கடை, சரக்கு, ஏலம் என்று சாக்கு. போன மாசம் போடியில் கடையைச் சாத்திவிட்டுக் காரில் வரும்போது, பொழுது சாயும் நேரம், முன்னால் லைட் இல்லாமல் வாழைத்தார் ஏற்றின டிரெய்லர். நான் கத்தின பிறகுதான் பிரேக். "பாத்துட்டுத்தான இருக்கேன்" என்றார். பார்க்கவே இல்லை. நி.க்கு இதெல்லாம் தெரியாது. சொல்லக் கூடாதென்று எனக்கு உத்தரவு.

ஜூன் 11, புதன்

மதியம் வரை கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருந்தவரை படித்தேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ரோட்டோரம் வெள்ளைக் கோடு: சும்மா நிறுத்தலாம். நீலம்: மெஷினில் காசு போட்டுச் சீட்டு எடுத்து, முன் கண்ணாடிக்குள் வைக்கணும். மஞ்சள்: நமக்கில்லை. பழைய ஊர்ப் பகுதிக்குள் வெளி வண்டியே நுழையக் கூடாதாம். போர்டு இருக்கும், கேமரா இருக்கும், ஃபைன் பிறகு வீடு தேடி வரும். சாயங்காலமானால் எதிரே வரும் ஆளையே குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற மனுஷன் கோட்டையும் போர்டையும் எங்கே பார்க்க!

பஸ் டிக்கெட் சிகரெட் விற்கும் கடையில் வாங்கணும். ஏறினதும் மெஷினில் குத்தணும், இல்லையென்றால் அதற்கும் ஃபைன். இதைச் சொன்னதுதான் தாமதம், "பீடிக் கடையில டிக்கெட் வாங்கி பஸ்ஸுக்கு நிக்கவா பிளேன் ஏறிப் போறோம்?" என்றார்.

வாடகை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல், டோல், பார்க்கிங். கூட்டினால் ட்ரெயினை விட ரொம்ப அதிகம். காட்டினேன். "எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியாக்கும்." யூரோவை ரொக்கமாக இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். இடுப்புப் பை வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன்.

சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து வலது கையால் கியர் போட்டுப் பழகினார். அங்கே ஸ்டியரிங் இடது பக்கமாம். சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகை வந்தது. பின் சீட்டில் என் பிள்ளை உட்காரப் போகிறாள்.

நி. போன். "அம்மா, அப்பாகிட்ட நீ சொல்லேன்."
"சொன்னா கேக்குறாகளா?" அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலண்டரைப் பார்த்ததும் இவர் முகம் செத்துப்போச்சு. கிளம்புகிற நாள் இவருக்குச் சந்திராஷ்டமம். டிக்கெட் போடும்போது யாரும் பார்க்கவில்லை. மாற்றினால் பாதிப் பணம் போகும். அதனால் பரஸ்தானம். முன்னாடியே ஒரு நல்ல நேரத்தில் பை கட்டி வேறு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே ஆரம்பித்த கணக்கு. பிறகு பை வீடு திரும்பக் கூடாது. கிளம்பும் நாளில் போகிற வழியில் எடுத்துக்கொள்ளணும்.

ராகு காலம் பிறக்குமுன் வைத்தாக வேண்டும் என்று ஒரே பறப்பு. வேட்டி, சட்டை, ஒரு துண்டு மஞ்சள், கைக்குக் கிடைத்த அவர் ஃபைல், எல்லாம் போட்டுக் கட்டினேன். ஜெயமங்கலத்தில் இவர் அக்கா வீடு. சாமி படத்துக்குக் கீழே வைத்தோம். "நான் கை வைக்கக்கூட மாட்டேன்த்தா" என்றார் மதினி.

போக வர இவர்தான் ஓட்டினார். பகலில் நன்றாகத்தான் ஓட்டுகிறார். அதுதான் வம்பு.

ஜூன் 16, திங்கள்

மதுரை டிராவல்ஸ்காரர் போன். நாளை சாயங்காலத்துக்குள் இன்டர்நேஷனல் லைசென்ஸ் போட்டோ அனுப்பணும், இல்லையென்றால் கார் கிடையாது.

வீட்டைப் புரட்டிப் போட்டாச்சு. பாஸ்போர்ட் எல்லாம் பீரோவில் பத்திரம். லைசென்ஸ், அந்தச் சின்னப் புத்தகம், அது மட்டும் இல்லை. பால் பொங்கி வழியும்போதுதான் உறைத்தது. ஃபைல்! ஜெயமங்கலம்!

சொன்னேன். இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கட்டுன பையை எப்பிடிப் பிரிக்கிறது?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சாமி மன்னிக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

இருந்த இடத்திலேயே பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்டினால் தோஷமில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். போச்சு. இவர் தனியாகக் கிளம்பினார், பஸ்ஸில்.

மதியம் வந்தார். "ஃபைல் அங்கன இருக்கு. புஸ்தகம் அதுல இல்ல. எங்கிட்டோ தொலைஞ்சு போச்சு." குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் பகீர். அது வந்த அன்றைக்கு நானேதானே அந்த ஃபைலில் வைத்தேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதா? அரிசி டப்பா வரை தேடினேன்.

சாயங்காலம் அவரே டிராவல்ஸுக்குப் போன் போட்டுக் கார் வேண்டாம் என்றார். பிறகு நி.க்கு: "ஆத்தா, ட்ரெயின்லயே டிக்கெட் போட்டுரு. லைசென்ஸ உங்கம்மா தொலைச்சுப்புட்டா."

பழி என் தலையில். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ஆனாலும் அது எங்கே போச்சு? மண்டை குடைச்சல்.

ஜூன் 18, புதன்

விடாத சாரல். துணி காயவில்லை. மதினி போன்.

"ஏத்தா சாந்தி, தம்பிக்குக் கண்ணுல என்ன?"
"ஏன் மதினி?"
"நேத்து வந்தான்ல. பையப் பிரிச்சு ஒரு சின்னப் புஸ்தகத்த எடுத்தான். கண்ணுகிட்ட வச்சுப் பாத்தான், ஜன்னல் பக்கம் கொண்டு போயிப் பாத்தான். பெறகு மடியில வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தான். திரும்ப உள்ள வச்சுக் கட்டிட்டான். 'எனக்குப் பயமா இருக்குக்கா, சாந்திகிட்ட சொல்லிறாத'ன்னான். சொல்லாம எப்பிடித்தா இருக்கிறது?"

ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

"போன்ல யாரு, அக்காவா? என்ன சொல்லுச்சு?" உள்ளேயிருந்து இவர்.

"பை பத்திரமா இருக்காம்."

பிறகு வாசல்வரை வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வந்ததும் ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வை" என்றார்.