மிச்சத்தையும் சொல்லு

மச்சாள், இன்று காலை என் முழங்கால் ஒப்பிரேசனைப் பற்றிக் கதைக்க டொக்டரிடம் போயிருந்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் எலும்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, என் மகனைப் பார்த்து நெடுநேரம் பேசினார். மகன் என் பக்கம் திரும்பி, "ஒண்டும் பயமில்லையாம் அம்மா, சைன் வையுங்கோ" என்றான். பேனைக்கு நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டது. உங்கள் நினைவு வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில் ஒரே அடுக்குமாடியில் மேல்தட்டில் நீங்கள், கீழே நாங்கள். உங்கள் கழுத்தில் கழலை வந்து, சோறு விழுங்கவே கஷ்டப்பட்டீர்கள். டொக்டரிடம் போவதற்கு முதல்நாளே உங்கள் தம்பி, என் மனுசன், எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டார்.

"அக்காவுக்குப் பாட்டெண்டால் உயிர். குரல் போகவும் கூடுமெண்டு தெரிஞ்சால் அவ இந்த ஒப்பிரேசனுக்கு வரவே மாட்டா. நான் பாத்துச் சொல்லுறன். நீ வாயைத் திறவாதை."

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாட்டைத் தொடக்குவது நீங்கள்தான். உங்கள் குரல் எழும்பிய பிறகுதான் எங்களுக்கெல்லாம் வாய் திறக்கத் துணிவு வரும்.

டொக்டர் தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். குரல் நரம்பு கழலைக்குப் பக்கத்திலேயே போகிறது, அதில் பட்டால் குரல் கரகரக்கும், சிலருக்கு அது அப்படியே நின்றுவிடும் என்றார். என் அரைகுறை ஆங்கிலத்துக்கே அது விளங்கியது. இவரோ, "சின்ன வெட்டுத்தான் அக்கா, கெதியா வீட்டை வரலாமாம்" என்று முடித்துவிட்டார்.

நீங்கள் டொக்டரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "டேய் தம்பி, அந்த மனிசன் தொண்டையைப் பிடிச்சுக்கொண்டு இவ்வளவு நேரம் கதைச்சவர். நீ மூக்குச் சிந்துற நேரத்துக்குள்ள முடிச்சிட்டாய். மிச்சம் எங்க?"

"மிச்சம் ஒண்டுமில்லை அக்கா. டொக்டருக்குத் தெரியாததே?"

கையொப்பத்துக்குத் தந்த பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "கழுத்து என்ரை. நீ சொல்லு பிள்ளை."

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். இவர் முகம் கறுத்துப்போனது. நீங்கள் கழுத்தைத் தடவியபடி, "செய்யாமல் விட்டால் என்னவாம், கேள்" என்றீர்கள். கழலை பெருத்து மூச்சுக்குழாயை நெரிக்கும், எடுத்துப் பார்த்தால்தான் உள்ளே என்னவென்று தெரியும் என்றார் டொக்டர். வீட்டுக்குப் போய் யோசித்து வரச் சொன்னார். முடிவு உங்களுடையது என்று இவரைப் பார்த்தே சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூசையில் ஒரு பாட்டையும் நீங்கள் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஐயோ, அன்று பாடின பாட்டு! கோயில் வாசலில் வைத்து என் கையைப் பிடித்து, "சரி, வெட்டட்டும். நீயும் என்னோட வாறியே?" என்று கேட்டீர்கள். தமிழில், பெரிய எழுத்தில், நீங்களே கையொப்பம் வைத்தீர்கள்.

குரல் போய்த்தான் விட்டது. உங்கள் கட்டிலடியில் நின்று இவர் என்னை, "இப்ப உனக்குச் சந்தோசமே?" என்று கடிந்தார். காற்றாக வந்த குரலில் நீங்கள்தான் தடுத்தீர்கள். "அவளை ஏன் பேசுறாய்? என்னை ஒருத்தரும் ஏமாத்தேல்லை. நான் தெரிஞ்சுதான் குடுத்தனான்."

அதற்குப் பிறகு கடைசி வரிசையில் நின்று உதடுகளை மட்டும் அசைப்பீர்கள். என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. ஆனால் விடிந்தால் போன் அடிக்கும். "எடியேய், எழும்பிட்டியே?" என்று அந்தக் கரகரத்த குரல் கேட்கும். நாங்கள் ரூஜ் என்ற இடத்துக்கு வீடு மாறி வந்த பிறகும் அது நிற்கவில்லை, நீங்கள் கண்ணை மூடும்வரை. உங்கள் பாட்டுக் குரலை நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடுவதில்லை. காது தேடுவது அந்தக் கரகரப்பைத்தான். இன்னும் ஒருக்கால் கேட்டால் போதும் எனக்கு.

இன்று மகன் நீட்டிய பேனையை நான் வாங்கவில்லை.

"அம்மா, இது சும்மா ருட்டீன்" என்றான்.

"முழங்கால் என்ரை. மிச்சத்தையும் சொல்லு."

என் குரல் கரகரத்து வந்தது. நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன், மச்சாள்.