டிஷ்ஷுக்கு அடியில் ஒரு மைக் டெஸ்டிங்

மார்ச் 4

என் அக்கா வயிற்றில் பிறந்த விஞ்ஞானச் சிங்கமே,

உன்னைப் பார்த்துவிட்டு மாமா சௌக்கியமாக வீடு வந்து சேர்ந்தேன். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் கைபேசிக்குத் தடை என்பதால் பேனா பிடிக்கிறேன். இல்லாவிட்டால் ரயிலிலிருந்தே போன் போட்டு உன் காதைத் தின்றிருப்பேன்.

இப்போதெல்லாம் நம் கடைக்கு மைக் செட் வாடகை கேட்டு வருகிறவன் வானசாஸ்திரமும் கேட்டுவிட்டுத்தான் போகிறான். "என் அக்கா மகள் வைத்திருப்பதும் ரேடியோதான். ஆனால் டிஷ் நம்ம தெரு அகலம். வாயு நிறைந்த கேலக்ஸிக் கூட்டத்தையே ஒட்டுக் கேட்கிறாள்" என்றேன். பக்கத்துக் கடைத் தையல்காரன், "வாயுவா? எங்க வீட்லயும் அப்படி ஒரு கூட்டம் இருக்குண்ணே, வந்து கேக்கச் சொல்லுங்க" என்கிறான். வயிற்றெரிச்சல்!

இன்னொன்று சொல்கிறேன், வாயைப் பிளக்காதே. காவலாளி என் கைபேசியைத்தான் வாங்கி வைத்தான். பையிலிருந்த கார்ட்லெஸ் மைக்கைப் பார்க்கவில்லை. நீ உள்ளே வேலையாக இருந்தபோது டிஷ்ஷுக்கு அடியில் நின்று, "ஹலோ, மைக் டெஸ்டிங்! கேலக்ஸிப் பெருமக்களே, நான் அவளோட தாய்மாமன் பேசுறேன்" என்று தொடங்கி ஒரு முழு வரவேற்புரையே ஆற்றிவிட்டேன். நானே பிரித்துச் சக்தி கூட்டிய மைக் ஆயிற்றே! டிஷ் லேசாக என் பக்கம் திரும்பிப் பார்த்தது. சத்தியம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தாய்மாமன்


மார்ச் 15

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

நீங்கள் வந்திருந்த அன்று எடுத்த பதிவில்தான், எங்கள் கூட்டத்தின் இரண்டு கேலக்ஸிகளுக்கு நடுவே ஹைட்ரஜன் வாயு மெல்லிய பாலம்போல நீண்டிருப்பது தெரிந்தது. ஒன்று மற்றதன் வாயுவைப் பிடுங்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. மற்ற நாள் பதிவுகளில் அது தெளிவாக இல்லை. மறுபடி பார்க்க அடுத்த வருடம்தான் எனக்கு முறை வரும். என் வேலை நீடிப்பதே இதை நம்பித்தான். எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி அம்மா இந்த மாதக் கடைசியில் இதை வெளியிடப்போகிறார்.

அந்த வாயு அனுப்பும் அலை எறும்பு மூச்சுவிடுவதைப் போல. பக்கத்தில் நின்று மைக்கை முடுக்கினால் அதுவும் வாயு என்றே பதிவாகிவிடலாம்.

டிஷ் திரும்பியது பொய் என்று எனக்குத் தெரியும். மைக் விஷயம்? அதுவும் உங்கள் கைச்சரக்குதானா? அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். நீங்கள் அளந்த எதையும் நான் குறுக்கே கேட்டதில்லை. இந்த ஒரு தடவை மசாலா சேர்க்காமல் ஒரே வரி எழுதுங்கள், மாமா.

உங்கள் மருமகள்


மார்ச் 22

தங்கமே,

மசாலா இல்லாத ஒரே வரி: மைக்கை நான் எடுத்துவரவே இல்லை.

ஒரு வரியோடு நிறுத்தினால் நான் உன் மாமனா? மைக் கடையில் உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மாமன் விட்ட கதைக்கா இப்படி வெலவெலத்துப் போவாய்? போன உன் அம்மா மேல் ஆணை. தாராளமாக வெளியிடச் சொல். பேப்பரில் வந்தால் ஒரு கட்டு அனுப்பு. தையல்காரன் மூஞ்சியில் ஒட்ட வேண்டும்.

உன் தாய்மாமன்


ஜூன் 9

மாமா,

வெளியிட்டோம். வேறொரு நாட்டுத் தொலைநோக்கி அதே இடத்தைப் பார்த்தது. பாலமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

உங்கள் முதல் கடிதத்தை எங்கள் பொறியாளரிடம் காட்டினேன். அவர் கடைத்தெருவில் ஒரு கார்ட்லெஸ் மைக் வாங்கிவந்து, உங்களைப் போலவே சக்தி கூட்டி, டிஷ்ஷுக்கு அடியில் முடுக்கினார். திரையில் என் பாலம் அப்படியே எழுந்து நின்றது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று தலைவி அம்மா கேட்டார். தெரியும் என்றேன். பின்வரிசையில் யாரோ, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார்கள். அறையே சிரித்தது. தலைவி அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மைக்கில் பேசியது தெரியாமல் செய்தது, அதை மறந்துவிடுவேன். அம்மா மேல் ஆணை வைத்தீர்களே! நம்பக்கூடாது என்று தெரிந்தும் எனக்கு ஆசையாக இருந்தது, நம்பினேன். அதற்கான கூலி கிடைத்துவிட்டது.

இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. போக வேறு இடமில்லை, வீட்டுக்குத்தான் வருகிறேன். வந்தாலும் உங்களோடு பேசுவேனா, தெரியவில்லை. என் அறையைத் திறந்து வையுங்கள்.


ஜூன் 17

கண்ணு,

வேலைதானே போனது, வானமா போய்விட்டது? உண்மையை எழுதினால் உன் மனசு ஒடிந்துவிடும் என்றுதான் இல்லை என்று எழுதினேன். அது தப்பா?

இங்கே நடந்ததைக் கேள். தையல்காரன் எதையோ படித்துவிட்டு வந்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "என்னண்ணே, உங்க பொண்ணு கண்டுபிடிச்சது காத்தோட போயிடுச்சாமே?" என்றான். விடுவேனா? "போடா, இதைவிடப் பெரிய டிஷ்ஷுக்கு வெளிநாட்டுக்காரன் அவளக் கொத்திட்டுப் போயிட்டான். போன வாரமே விமானம் ஏறிட்டா!" என்றேன். அவன் வாயில் ஈ போனது தெரியவில்லை. கடை வாசலில் வாழ்த்துப் பலகையும் வைத்துவிட்டேன். விமானப் படியில் நின்று நீ கையசைப்பதுபோல ஸ்டூடியோக்காரன் ஒட்டித் தந்திருக்கிறான். அசல் தோற்றுப்போகும்.

அதனால் கண்ணு, இப்போதைக்கு வீட்டுப் பக்கம் வந்துவிடாதே. தெருவில் உன்னைப் பார்த்துவிட்டால் என் பேச்சு என்னாவது? பலகை சாயம் போகிறவரை எங்கேயாவது இருந்துகொள். உன் அறையிலும் இப்போது ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து எழுதுவதுபோல ஒரு கடிதம் மட்டும் போடு. கடையில் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். கொஞ்சம் சந்தோஷமாகவே எழுது.

உன் தாய்மாமன்