கோபுரம் கேட்ட கேள்வி

என் செல்ல மதினிக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. உங்கள் மகள் கலா இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். தலை பின்ன என்னிடம்தான் வருகிறாள். சாப்பாட்டுக்குத்தான் பாடாய்ப் படுத்துகிறாள். அண்ணன் ஊட்டினாலும் வாயைத் திறப்பதில்லை.

போன வருடம் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங் படித்தேனே, நினைவிருக்கிறதா? பழகுவதற்கு ஒரு கேசட் கொண்டுவரச் சொன்னார்கள் என்று உங்கள் கல்யாணக் கேசட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துப் பந்தியில், உங்கள் பக்கத்தில் இடம் கிடைக்காத கோபத்தில், ஒன்பது வயது நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் திரும்பி என்னைக் கூப்பிடுவீர்கள். எண்ணெய் வழியும் என் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கம். அந்த இடத்தை வெட்டிவிட்டு ஆண்டாள் கோயில் கோபுரத்தை வைத்தேன். வேறு கேசட் இல்லாமல், அதன் மேலேயே பதிந்தும் தொலைத்தேன்.

திரையில் படம் ஒரு பட்டை, சத்தம் அதற்குக் கீழே இன்னொரு பட்டை. இரண்டையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்பதுதான் முதல் பாடமே. நான் மேலே இருந்ததை மட்டும் வெட்டியிருக்கிறேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது கோபுரம் பேசியது.

"ஏட்டி, நீ இன்னும் சாப்பிடலியா? எம்பக்கத்துல வந்து உக்காரு."

அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கோபுரமே பந்திக்குக் கூப்பிடுகிறது என்று ஒரு வாரம் கேலி. நான் அழுதுகொண்டே, சத்தத்தையும் வெட்டிக் கொண்டுவருகிறேன் என்று கேசட்டை எடுத்தேன். நீங்கள்தான் விடவில்லை.

"இருந்துட்டுப் போட்டும் விடு. நான் கூப்பிட்டது நெசந்தான?"

கேசட் முழுக்க நாதசுரமும் பாட்டும்தான். உங்கள் குரல் வேறு எங்குமே இல்லை, மதினி. நான் ஒழுங்காகப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னைக் கூப்பிட்ட அந்த முகத்தை அழித்ததற்கு மன்னிப்பீர்களா?

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கேசட்டைப் போட்டோம். கலா மடியில் சோற்றுத் தட்டு, தொடாமல் இருந்தது. கோபுரம் வந்தது. நீங்கள் கேட்டீர்கள்.

"இந்தா சாப்பிடுதேம்மா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

நாளைக்கே அந்தக் கேசட்டுக்கு இரண்டு நகல் எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தைத் திருத்த யாரையும் விடமாட்டேன். நீங்கள் கேட்டதும் அவள் சாப்பிடும்போது, பக்கத்தில் என் தட்டும் இருக்கும்.

அன்று கோபத்தை விட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாத்தனார்,
ரேவதி