கெளுத்தி குத்தாத கால்

தோணிரேவு
8-9-1984, சனி இரவு

அன்புள்ள காந்தாக்காவுக்கு,

உன் தங்கை இந்திராணி எழுதுவது. இதை யாருக்கும் காட்டாதே. உன் நர்ஸ் ஹாஸ்டல் தோழிகளுக்கும் வேண்டாம். தெரிந்தால் சித்தப்பா என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்.

நைனா நலம் என்று போன வாரம் வந்த கடிதம் பொய். அம்மா சொல்லச் சொல்ல எழுதியது என் கைதான். அந்தக் கையை உடைக்கலாம் போல இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு நைனாவின் தொடையில் வலைக்கண் போல ஊதாக் கோடுகள் வந்தன. பிறகு புண்ணாகி, இப்போது கருகிக் கிடக்கிறது. வேட்டி பட்டாலே துடிக்கிறார். கெளுத்தி மீன் முள் குத்திவிட்டது என்று சொல்லி, ஏரியில் இறங்குகிறவர்களுக்குச் செய்வது போல சித்தப்பா உப்பை வறுத்து ஒத்தடம் வைத்தார். தோல் துணியோடு வந்துவிட்டது. நைனா ஏரியில் கால் வைத்து நாலு மாதம் ஆகிறது, கெளுத்தி வீட்டுக்குள் வந்து குத்தியதா என்று கேட்டேன். அறைந்தார். பொட்டப்புள்ளைக்கு இன்னா தெரியும்னு கேட்டார்.

எனக்குத் தெரியும். நைனா மாதிரி கிட்னி கெட்டவருக்கு ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், தோல் நிறம் மாறினால் உடனே கூட்டி வாருங்கள் என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னபோது நானும் நின்றேன். அம்மாவும் நின்றாள்.

வரும் வெள்ளிக்கிழமை ஊர் கூடி, ஏரியில் எந்த வீடு எப்போது வலை போடுவது என்று பாடு பிரிக்கிறார்கள். இனி ஏரியில் இறங்கவே முடியாதவர் என்று தெரிந்தால் நைனா பெயரை எடுத்துவிடுவார்கள், வலை போடும் முறை நம் வீட்டுக்கு இருக்காது. அதற்காக அவரைப் பின்னறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார வைப்பார்களாம். புண் நாற்றம் தெரியாமலிருக்கப் பக்கத்தில் கருவாட்டுக் கூடை வைத்தால் போதும் என்று சித்தப்பா சிரிக்கிறார். அம்மா தரையைப் பார்க்கிறாள்.

நீயும்தான் தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதுகிறாய். அதுவரை யார் இருப்பது?

நேற்று காய்ச்சலில் நைனா என் கையைப் பிடித்து, "என் மேலேர்ந்து வலையை எடும்மா, கனமா கீது" என்றார். மேலே ஒன்றுமே இல்லை அக்கா. போர்வைகூட இல்லை.

திங்கட்கிழமை ரோஷன் பீவி டீச்சர் இதைப் பொன்னேரியில் தபாலில் போடுவார். கிடைத்த அன்றே வண்டியோடு வா. பாடு போனால் போகட்டும். சாவி சித்தப்பா தலைமாட்டில் இருக்கிறது, அதை நான் எப்படியாவது

கதவைத் தட்டுகிறார்கள். சித்தப்பா குரல். அக்கா, வெள்ளிக்கிழமைக்கு முன்னால்