முதல் துண்டில் உன் பாதி

உன் இரும்பு டோஸ்டரை இன்று மத்தியானம் அடுப்பில் வைத்தேன். வெண்ணெய் உருகி, விளிம்பு வழியாகக் கசிந்து, தீயில் பட்டுக் கருகியது. கூடத்திலிருந்து "என்ன சார், பிரமாதமா மணக்குதே" என்று குரல் வந்தது. எனக்கு மட்டும் முகம் சுட்டது. அடுப்புச் சூடு என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இன்று கிரிக்கெட் இறுதிப் போட்டி. எங்கள் வீட்டு டிவி பெரியது, அதனால் ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கூடம், ஏறக்குறைய இதே ஆட்கள். அன்று அடுப்படியில் நின்றது நீ.

தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய நம் லைன் வீடுகளில் டிவி எங்கள் வீட்டில் இருந்தது, டோஸ்டர் உங்கள் வீட்டில் இருந்தது. மேட்ச் அன்று இரண்டும் ஒன்று சேரும். கைமாவைச் சுண்ட வதக்கி, அவித்த உருளைக்கிழங்கை மசித்துக் கலந்து, மிளகைத் தட்டிப் போட்டு, பிரெட்டின் ஓரத்தை வெட்டாமல் வைத்து அமுக்குவாய். "ஓரத்த வெட்றவன் பசி தெரியாதவன்டா" என்பாய். ஒன்று தின்றால் அடுத்த வேளைச் சோறு வேண்டாம்.

முதல் துண்டு எப்போதும் கோணலாகத்தான் வரும். இரும்பு அதற்குள் சரியாகச் சூடேறியிருக்காது. அதை நீ யாருக்கும் கொடுத்ததில்லை. இரண்டாகப் பிய்த்து, பாதி சுட்ட உனக்கு, பாதி டிவி வீட்டுக்காரனான எனக்கு. நின்றபடியே தின்றுவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சுடுவாய். "மொதல்ல நாம துன்னுக்கலாம், அப்பாலதான் ஊருக்கு." காலை ரயிலில் இடிபட்டுக்கொண்டு பெங்களூர் வேலைக்கு வந்துபோன வருஷங்களிலும், நீ அங்கேயே நீலசந்திராவில் குடியேறிய பிறகும், இந்த வழக்கம் மாறவில்லை.

பிறகு எனக்குப் பதவி வந்தது, ஒன்பதாவது மாடியில் வீடு வந்தது. உன்னைக் கூப்பிட்டதும் நான்தான். "ஆபீஸ்காரங்க வராங்க மச்சான், நம்ம சாண்ட்விச் போட்டு அசத்தணும்" என்றேன். ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, டோஸ்டரைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தாய். இஸ்திரி போட்ட புதுச் சட்டை. எண்ணெய் தெறிக்குமே என்று என் மனைவி கொடுத்த ஏப்ரனை அதன் மேல் கட்டிக்கொண்டாய்.

வந்தவர்களிடம் உன்னை அறிமுகப்படுத்த மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். மறக்கவில்லை. தங்கவயல் என்று ஆபீசில் ஒருவரிடமும் நான் வாயைத் திறந்ததில்லை. ஊர் கேட்டால் "பெங்களூர்தான்" என்பேன். நீ கூடத்துக்கு வந்து வாயைத் திறந்தால் என் ஊரும் லைனும் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

மூன்றாவது தட்டு காலியானதும் என் மேனேஜர் அடுப்படிக்கே வந்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடிவந்தேன். "செம டேஸ்ட். இந்த குக்கை எங்க பிடிச்சீங்க? எங்க வீட்டு ஃபங்ஷனுக்கும் அனுப்புங்களேன்" என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் அவரைத் திருத்தி, உன் தோளில் கை போடுவேன் என்று நினைத்துத்தான் சிரித்தாய்.

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன் நான்.

உன் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நீ அவரிடம், "கூப்ட்டா வரேன் சார்" என்றாய். என் மானத்தை நீ காப்பாற்றினாய். உன் மானத்தை நான் காப்பாற்றவில்லை.

மேட்ச் முடியும் முன்பே கிளம்பினாய். கூடத்து ஓரமாக நின்று, என்னைப் பார்த்து, "வரேன் சார்" என்றாய். சின்ன வயசிலிருந்து மச்சான் என்று கூப்பிட்ட வாய். நான் தலையை ஆட்டினேன். எழுந்திருக்கக்கூட இல்லை. எல்லாரும் போன பிறகு அடுப்படிக்குப் போனால், மேடையில் ஒரு தட்டில் அந்தக் கோணலான முதல் துண்டு ஆறிக் கிடந்தது. பிய்க்காமல், முழுசாக. பாதியைத் தின்ன நான் உள்ளே வருவேன் என்று நீ தின்னாமல் காத்திருந்திருக்கிறாய்.

ஒரு வாரம் கழித்து நீதான் போன் செய்தாய். "இன்னா மச்சான், எப்டி கீற?" ஒன்றுமே நடக்காத மாதிரி. அப்போதாவது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "பிஸிடா" என்றேன். அதற்கப்புறம் எத்தனையோ முறை பேசினோம். நீ என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

போன வருஷம், வேலையில் இருக்கும்போதே உன் இதயம் நின்றுவிட்டது. காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது, உன் மனைவி இந்த டோஸ்டரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. மேட்ச்சுக்கு உங்க வூட்டுக்கு வந்தத சொல்லிச் சொல்லி சந்தோசப்படுவாரு. அத்தினி ஆபீசருங்க நடுவுல பக்கத்துல குந்த வச்சிகினு, மொத துண்ட நீங்களே ஊட்டி வுட்டீங்களாமே?"

"ஆமாம்மா" என்றேன்.

இன்று அதே மேனேஜர் தட்டோடு வந்து, "அந்த குக் வரலையா?" என்று கேட்டார்.

"அவன் குக் இல்ல சார். என் ஃப்ரெண்டு. தங்கவயல்ல ஒரே லைன்ல வளர்ந்தோம். போன வருஷம் இறந்துட்டான்."

"அய்யோ, சாரி" என்றார். அதற்குள் ஒரு விக்கெட் விழுந்தது. கூடத்துச் சத்தத்தில் திரும்பிப் போய்விட்டார். இவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை வேறு மாதிரிப் பார்க்கவில்லை. இதற்குப் பயந்துதான் உன்னை அன்று முழுக்க அடுப்படியில் நிறுத்தி வைத்திருந்தேன்.

உன் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் என் மனசு கொஞ்சம் லேசாகும். ஆனால் நீ அவளுக்குச் சொல்லிவைத்த கதையில் நீ கூடத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். அங்கிருந்தும் உன்னை எழுப்பி அடுப்படிக்கு அனுப்ப எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த "ஆமாம்மா" என்னோடேயே இருக்கட்டும்.

இன்றும் முதல் துண்டு கோணலாகத்தான் வந்தது. இரண்டாகப் பிய்த்தேன். என் பாதியை வாயில் வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை, மச்சான்.