கொடியில் தொங்கிய பதினொரு ஜெர்சி

என் செல்ல எதிரி அருள் அண்ணனுக்கு,

நாடுகள் மறுபடியும் வரிசையில் நிற்கின்றன, அண்ணே. உலகக் கோப்பையை எங்கள் மண்ணில் நடத்துகிறோம் என்று இங்கிலாந்து கேட்கிறது, ரஷ்யா கேட்கிறது. என் மகன் வேலை பார்க்கும் கத்தாரும் கேட்கிறதாம். நேற்று போனில், "அம்மா, யாருக்குக் கெடைக்கும்னு நெனைக்கிறீங்க?" என்றான். வாயை மூடுடா என்று கத்திவிட்டேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

கொலம்பியா நடத்த முடியாமல் கைவிட்ட கோப்பைக்கு எண்பத்துமூன்றில் மூன்று நாடுகள் மோதின. நீ மெக்சிகோ என்றாய். உன்னை எதிர்ப்பதற்காகவே நான் கனடா என்றேன்.

"தோத்தா எங்க டீம் ஜெர்சி பதினொன்னையும் ஒரு வருஷம் நீதான் தொவைக்கணும்."

"நீ தோத்தா?"

"ஒரு வருஷம் அடுப்படி என் பொறுப்பு."

கிடைத்தது மெக்சிகோவுக்கு. நீ சிரித்த சிரிப்புக்கு வாளியை எட்டி உதைத்தேன்.

அதுவரை அவனவன் ஜெர்சி அவனவன் வீட்டில்தான் காய்ந்தது. நான் தோற்ற பிறகுதான் பதினொன்றும் நம் வீட்டுக் கொடிக்கு வந்தன.

தமிழர் வீடுகளைத் தேடித்தேடி எரித்த அந்த ஜூலையில் ஒரு மத்தியானம், நம் வீட்டுக்கு முன்னால் பலாபத்வல ரோட்டில் ஒரு கும்பலின் லொறி வந்து நின்றது. நீ என்னைப் பின்வாசலால் தள்ளிவிட்டாய். மிளகுக் கொடிகளுக்குள் படுத்துக் கிடந்தேன். ஒருத்தன் துணிக்கொடியைப் பார்த்துச் சிங்களத்தில் எண்ணினான். "கொட்டி! உள்ளே பதினொரு பேர்!" என்று அலறினான். கொட்டி என்றால் புலி. ஒரே மாதிரி மஞ்சள் சட்டை பதினொன்று, அவர்களுக்கு அது இயக்கத்து உடுப்பு.

ஓடியிருக்கலாமே, அண்ணே? நீ பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாய். "மாத்தயா, மே ஃபுட்போல் டீம் எகே" என்றாய், ஐயா, இது ஃபுட்போல் டீமுடையது என்று. இது இந்தப் பையனுடையது, அது அந்தப் பையனுடையது என்று சிங்களப் பெயர்களையும் சொன்னாய். முதல் வெட்டு பந்தைப் பிடித்திருந்த கையில் விழுந்தது. அடுத்தது வயிற்றில். உன் சத்தம் நின்ற பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. வீட்டுக்கும் கொடிக்கும் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

லொறி போனபிறகு வந்தேன். விழும்போது கொடியிலிருந்து இழுத்த ஒன்பதாம் நம்பரை வயிற்றில் அமுக்கியபடி கிடந்தாய். உன் நம்பர். மற்றப் பத்தும் சாம்பல்.

மெக்சிகோவில் கோப்பை நடந்தபோது, பக்கத்து வீட்டு டீவியைக் கல்லால் அடித்து உடைத்தேன். மனம் ஆறவில்லை. மெக்சிகோ என்ன பாவம் செய்தது? எல்லாம் நான் செய்ததுதான். ஒரே ஒரு நாள் உன்னோடு ஒத்துப்போய், நானும் மெக்சிகோ என்று சொல்லியிருந்தால்?

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். உன் ஜெர்சி என் தகரப்பெட்டியில் கறுத்து, விறைத்துக் கிடக்கிறது. மகன் அடுத்த முறை கேட்டால் எடுத்துக் காட்டுவேன், எல்லாவற்றையும் சொல்வேன்.

பந்தயப்படி இன்னும் பத்து மாதம் துவைக்க வேண்டியவள் நான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணே, அந்த ஒன்றை மட்டும் நான் துவைக்க மாட்டேன்.

தோற்றும் அடங்காத உன் தங்கை,
ஸ்டெல்லா