அஸ்லாக்கின் கண்ணுக்குச் சொட்டு மருந்து

ஹாமர்ஃபெஸ்ட், வியாழன்

அன்பு மனைவி சுன்னிவாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? பூனை சாப்பிடுகிறதா? நான் நலம்.

பக்கத்து வீட்டு அஸ்லாக்குக்குச் சர்க்கரையால் கண்ணில் லேசர் வைத்ததையும், இரண்டு மணிக்கொரு முறை நீ போய்ச் சொட்டு விடுவதையும் எழுதியிருந்தாய். அவன் தலையை உன் தோளில் சாய்த்துக்கொண்டா விடுகிறாய்? சும்மாதான் கேட்டேன்.

போன வாரம் எனக்கும் அதே லேசர்தான். பதறாதே. கண்ணை மரக்கச் செய்து, பசை தடவி, மேலே ஒரு கண்ணாடி வில்லையை வைத்து லேசர் அடித்தார்கள். வேலைக்குத் திரும்பியும் பசை பிசுபிசுத்தது. மீன் ஆலைக் கையுறையோடு தேய்த்துவிட்டேன். கருவிழியில் சின்னக் கீறல்.

மறுபடி போனதும் நர்ஸ் இங்கெபோர்க் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "சர்க்கரைக்காரங்க கண்ணுல புண்ணு லேசுல ஆறாது, தேய்க்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. சொட்டு விட்டுவிட உங்களுக்கு ஆளே இல்லையா?"

"பொண்டாட்டி இருக்கா. பக்கத்து வீட்டுக்காரனுக்கு விட்டுட்டு இருக்கா."

நானே விட்டால் பாதி கன்னத்தில் வழிகிறது. இமையை எந்த விரலால் பிடிக்கிறாய் என்று எழுது. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. அவனுக்குப் பின்னியது போதும்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. அஸ்லாக்கின் கண் சீக்கிரம் ஆறட்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். என் கண்ணுக்காக இன்னும் ஆரம்பிக்கவில்லை.

உன் தூர்லெய்ஃப்